அங்காடிக்கு ஏன் வயதாகிறது?



இங்கிலாந்து நாட்டில் பர்மிங்ஹாம் என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. அதன் நடுவே உள்ள சந்தைப் பகுதிக்கு 'புல் ரிங்' என்று பெயர். அதாவது, 'காளை வளையம்'. முற்காலத்தில் காளைகளைக் கட்டிவைக்க அங்கே ஓர் இரும்பு வளையம் இருந்ததாம். இந்த ஊரில் சந்தை கூட்ட மன்னர் இரண்டாம் ஹென்றி அனுமதி அளித்தது கி.பி. 1166-ஆம் ஆண்டில்.

அந்தச் சந்தைப் பகுதியில் 1964-ஆம் ஆண்டு மே மாதம் ஒரு பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. கான்கிரீட்டால் கட்டிய, அந்தக் காலத்துக்கு மிகப் புதுமையான வளாகம். ஆனால் 2000-ஆம் ஆண்டிலேயே அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். எண்ணூறு ஆண்டு கடந்த சந்தை இன்றும் நடக்கிறது. கட்டடத்துக்கோ முப்பத்தாறு வயதிலேயே முதுமை வந்துவிட்டது! இது எப்படி நேர்ந்தது? உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள இயற்பியலை வைத்தே விடை தேடலாம், வாருங்கள்.

கான்கிரீட்டின் குற்றமா?

"கான்கிரீட் உளுத்துப் போயிருக்கும்" என்று நீங்கள் நினைக்கலாம். கான்கிரீட்டுக்கும் வயதாகும் என்பது உண்மையே. அதனுள் இருக்கும் எஃகுக் கம்பியைச் சிமெண்டின் காரத் தன்மைதான் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அது உப்பும்போது மேலே உள்ள கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. பழைய கட்டடங்களின் கூரையில் கம்பி வெளியே தெரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் நன்கு கட்டிப் பராமரித்தால் கான்கிரீட் முப்பத்தாறு ஆண்டுகளில் சாகாது. இதற்குச் சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது. அதே புல் ரிங்கின் ஓரத்தில், 1965-இல் கட்டி முடித்த 'ரொட்டண்டா' என்னும் உருளை வடிவக் கோபுரம் இன்றும் இருக்கிறது. அதன் உயரம் 81 மீட்டர். ஆகவே நோயின் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும். வளாகத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போவோம்.

தரை யாருக்கு?

இரண்டாம் உலகப் போரில் பர்மிங்ஹாம் குண்டுவீச்சுக்கு ஆளானது. 1835-இல் திறக்கப்பட்ட பழைய சந்தை மண்டபம் 1940-இல் எரிந்து கூரையை இழந்தது. போருக்குப் பின் கார்கள் பெருகின. கார்களும் மனிதர்களும் ஒரே தெருவில் போனால் விபத்து நேரும், வேகமும் குறையும் என்று நகரப் பொறியாளர்கள் எண்ணினார்கள். நகரத் தலைமைப் பொறியாளர் ஹெர்பர்ட் மன்சோனி வகுத்த திட்டப்படி, நகர மையத்தைச் சுற்றி ஒரு வட்டச்சாலை அமைக்கும் வேலை 1957-இல் தொடங்கி 1971-இல் முடிந்தது. புல் ரிங் வளாகம் இந்தச் சாலையின் ஓரத்திலேயே எழுந்தது.

வாகனங்கள் தரைமீது ஓடின. நடந்து வந்தவர்கள் படியிறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் சாலையின் மறுபுறம் போய், மீண்டும் படியேறிக் கடைகளை அடைய வேண்டியிருந்தது. இதை வகுத்தவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். உயிரைக் காக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அவர்களுக்கு இருந்தது. ஆனால் இரண்டு கணக்குகளை அவர்கள் போதிய அளவு போட்டுப் பார்க்கவில்லை. அவற்றை நாம் போடுவோம்.

முதல் கணக்கு: மூன்று மீட்டர் அகலம்

3 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே வரிசையில் கார்கள் செல்லட்டும். பாதுகாப்பாகப் போக, ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் 2 விநாடி இடைவெளி வேண்டும். ஆக, ஒரு மணி நேரத்தில் 1,800 கார்கள். காருக்கு இருவர் என்று தாராளமாகவே வைத்தாலும் 3,600 பேர்.

அதே பட்டையில் மனிதர்கள் நடக்கட்டும். கூட்டமான கடைத்தெருவில், தடையில்லாமல் நகர்ந்தால், ஒரு மீட்டர் அகலத்தை விநாடிக்கு ஏறத்தாழ ஒருவர் கடக்க முடியும். 3 மீட்டருக்கு விநாடிக்கு மூன்று பேர். ஒரு மணி நேரத்தில் 10,800 பேர்! கார்களைப்போல் மூன்று மடங்கு.

"கார் வேகமாகப் போகுமே" என்பீர்கள். சரிதான். பத்து கிலோமீட்டர் தூரம் வருவதற்கு வாகனம் வேண்டும். ஆனால் வந்து சேர்ந்த பிறகு, கடைக்குள் போகிறவர் நடந்துதானே போகிறார்? நகரத்துக்கு வருவது ஒரு வேலை, சந்தைக்குள் உலவுவது வேறு வேலை. முதல் வேலைக்கு ஏற்ற ஏற்பாட்டை இரண்டாவது வேலை நடக்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்ததுதான் பிழை.

இரண்டாம் கணக்கு: பாட்டியும் படிக்கட்டும்

60 கிலோகிராம் எடையுள்ள ஒரு பாட்டி, 5 கிலோகிராம் காய்கறிப் பையுடன் சுரங்கப்பாதைக்குள் இறங்கிவிட்டார். இப்போது 4 மீட்டர் உயரம் ஏறி வெளியே வர வேண்டும். படி ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் 27 படிகள். செய்யவேண்டிய வேலை எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 65 × 10 × 4 = 2,600 ஜூல்.

நம் தசைகள் உணவிலிருந்து பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். எனவே பாட்டிக்குச் செலவாவது 10,400 ஜூல். அதாவது, சுமார் இரண்டரைக் கிலோகலோரி. இது ஓர் இட்லி தரும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான்!

இவ்வளவு சொற்பமான ஆற்றலுக்கா மக்கள் சுரங்கப்பாதையை வெறுத்தார்கள்? இங்கேதான் ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவுகூர வேண்டும். ஒரு விநாடியில் செய்யும் வேலையே திறன். அந்த 27 படிகளை 13 விநாடிகளில் ஏறினால் 2,600 ÷ 13 = 200 வாட் திறன் தேவை. பழைய 100 வாட் குண்டு விளக்குகள் இரண்டை எரிக்கும் திறன் அது. உங்களுக்கு அது எளிது. பாட்டியால் முடியாது. அவர் நான்கு படிக்கு ஒருமுறை கைப்பிடியைப் பற்றி நிற்பார். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, படிக்கட்டு என்பது சுவரேதான்.

வெளிச்சமும் ஒலியும்கூட எதிரிகளாயின. மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். சுரங்கப்பாதை விளக்கடியில் 100 லக்ஸ் இருந்தால் அதிகம். கண் அந்த மாற்றத்துக்குப் பழக நேரமாகும். அதற்குள் எதிரே வருபவரின் முகம் சரியாகத் தெரிவதில்லை. வழவழப்பான கடினச் சுவர்கள் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. பின்னால் கேட்கும் காலடி அருகிலா, தொலைவிலா என்று புலப்படாது. மாலையில் தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே போகவேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பலர். வாடகையும் அதிகமாக இருந்ததால் கடைக்காரர்களும் தயங்கினார்கள். ஆள் குறைந்தால் கடை குறையும், கடை குறைந்தால் ஆள் இன்னும் குறையும். வளாகத்துக்கு முதுமை வந்த வழி இதுதான்.

வளையத்தை உடைத்தார்கள்

நகரத்தின் கழுத்தை நெரிக்கும் கான்கிரீட் பட்டை என்று வட்டச்சாலையை மக்கள் குறிப்பிடத் தொடங்கினார்கள். 1988-இல் நடந்த ஒரு வல்லுநர் கூட்டத்தில், அந்த வளையத்தைத் தளர்த்தி நடப்பவர்களுக்குத் தரையைத் திருப்பித் தர வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. பின்னர், 2000-இல் பழைய வளாகத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அதை ஒட்டியிருந்த வட்டச்சாலைச் சந்திப்பும் நீக்கப்பட்டது. புதிய புல் ரிங் 2003-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் திறக்கப்பட்டது.

அந்த இடத்தில் இயற்கையே வைத்த சிக்கல் ஒன்று உண்டு. மேட்டிலுள்ள நியூ தெருவிலிருந்து கீழே செயின்ட் மார்ட்டின் தேவாலயம் வரை தரை ஏறத்தாழ 15 மீட்டர் சரிகிறது. சக்கர நாற்காலி எளிதாக ஏற வேண்டுமானால், 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரத்துக்கு மேல் சாய்வு இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி. அப்படியானால் 15 மீட்டருக்கு எவ்வளவு நீளமான சாய்தளம் வேண்டும்? 180 மீட்டர்!

புதிய வளாகத்தில் இந்தச் சரிவையே துணையாக்கிக் கொண்டார்கள். மேட்டுத் தெருவிலிருந்து வருபவர் ஒரு தளத்துக்குள் நேராக நுழைகிறார். பள்ளத்திலிருந்து வருபவர் அதற்குக் கீழுள்ள தளத்துக்குள் நேராக நுழைகிறார். இருவருக்கும் வாசல் தெருமட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே தளம் மாறுவதற்கு மின்தூக்கியும் நகரும் படியும் உள்ளன. இரண்டு கட்டடத் தொகுதிகளுக்கு இடையே, தேவாலயத்தை நோக்கி இறங்கும் ஒரு நடைத்தெருவும் விடப்பட்டது. கண்ணாடிக் கூரை வழியே பகல் வெளிச்சம் உள்ளே விழுகிறது.

அதன் ஒரு கோடியில் உள்ள வளைந்த பெருங்கடையின் சுவரில் 15,000 அலுமினிய வட்டத் தகடுகள் பதிக்கப்பட்டன. வளைந்த பரப்பில் ஒவ்வொரு தகடும் வேறு திசையைப் பார்க்கும். ஆகவே வானத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் ஒளியை அவை எதிரொளிக்கின்றன. தகடுகளின் மேல் மின்வேதி முறையில் தடித்த ஆக்சைடு படலம் ஏற்றப்பட்டிருப்பதால் அவை எளிதில் அரிக்கப்படுவதில்லை. ஆனாலும் இருபது ஆண்டுகள் நிறைவதற்குள்ளாகவே அந்தத் தகடுகளைக் கழற்றிச் சுவரைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. புதியதும் பழையதாகும் அல்லவா!

இடிப்பதா, திருத்துவதா?

இனி மிக முக்கியமான கேள்விக்கு வருவோம். பழைய கட்டடம் பயன்படவில்லை என்றால் இடித்துவிடுவதுதான் வழியா?

சிமெண்டு எப்படிக் கிடைக்கிறது? சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டுச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட். 100 கிலோகிராம் கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பும், 44 கிலோகிராம் கரியமில வாயுவும் பிரியும். எரிபொருளிலிருந்து வரும் புகை இதில் சேரவில்லை. இந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நிற்கும் கட்டடம் ஒவ்வொன்றும் இந்த விலையை ஏற்கெனவே கொடுத்து வாங்கியது. இடித்தால் எஃகை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம், கான்கிரீட்டை உடைத்துச் சாலைக்கு அடியில் கொட்டலாம். ஆனால் சிமெண்டு சிமெண்டாகத் திரும்பக் கிடைக்காது.

இதனால்தான் ரொட்டண்டாவின் கதை நமக்குப் பாடமாகிறது. 2000-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் அதன் எலும்புக்கூடான கான்கிரீட்டை அப்படியே விட்டு, வெளித்தோலை மட்டும் கழற்றிப் புதிய கண்ணாடிச் சுவர் போட்டார்கள். அலுவலகமாக இருந்தது 2008-இல் குடியிருப்பாக மாறியது. பக்கத்து வளாகத்தை இடித்தது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பாதைகளையே அடைத்துக்கொண்டு நின்ற கட்டடத்தைத் திருத்துவது கடினம். ஆனால் இடிப்பதற்கு முன், "எது கெட்டது? எலும்பா, தோலா, பாதையா?" என்று கேட்க வேண்டும். மருத்துவர் நோயை அறிந்த பிறகுதானே கத்தியை எடுக்கிறார்?

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புதுப்பித்த இடத்தில் வாடகை கொடுக்க முடிந்த பெரிய கடைகள்தாம் முன்னே வந்தன. காய், மீன், துணி விற்ற சிறு வணிகர்களின் சந்தைகள், தேவாலயத்தின் அருகே தனியே அமைத்த இடத்துக்கு மாறின. ஆயினும் சந்தை நகரத்தின் நடுவிலேயே தங்கியது. யார் தங்குவது, யார் இடம் மாறுவது என்பது ஜூலிலும் வாட்டிலும் அளக்க முடியாத கணக்கு. அதை அந்த ஊர் மக்கள்தாம் கூடிப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பேருந்து நிலையத்தின் அருகிலோ, கடைவீதியிலோ ஒரு நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ இருக்கலாம். ஒரு பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நடைபாதையில் பத்திரமாக நின்று 10 நிமிடம் எண்ணுங்கள். பாலத்தின் வழியே போனவர் எத்தனை பேர்? சாலையிலேயே கடந்தவர் எத்தனை பேர்? இருவகையிலும் முதியோர், குழந்தையைத் தூக்கியவர், சுமை கொண்டுவந்தவர் எத்தனை பேர்? படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தையும் அளந்து கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு எத்தனை ஜூல், நீங்கள் ஏறிய நேரத்துக்கு எத்தனை வாட் என்று கணக்கிடுங்கள்.

பாலம் காலியாகவும் சாலை நிறைந்தும் இருந்தால், "மக்களுக்கு ஒழுங்கில்லை" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கணக்கை ஒருமுறை பாருங்கள். அந்த வாட் கணக்கில் உங்கள் பாட்டியையும் வைத்துப் பாருங்கள். கிடைத்த விடையை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். நாளை உங்கள் ஊர்க் கடைவீதியைத் திருத்தி அமைக்கும் பேச்சு வரும்போது, கையில் கணக்கோடு பேசுகிறவர் நீங்களாக இருக்கலாம்!