அனுமதியின்றிச் செய்யத்தக்க வீட்டு வேலைகள்

தில்லியில் சொந்த வீடு வாங்கிய நம்மவர்க்குச் சில ஆண்டுகளிலேயே இடம் போதாமற் போகிறது; பிள்ளைகள் வளர்கின்றனர், ஊரிலிருந்து பெற்றோரும் வந்து சேர்கின்றனர். "சிறு வேலைதானே, அனுமதி எதற்கு?" என்பார் கொத்தனார். எது சிறு வேலை என்று தீர்மானிப்பவை 2016ஆம் ஆண்டின் தில்லி ஒருங்கிணைந்த கட்டட விதிகளே, கொத்தனார் அல்லர்.

பூச்சு, வெள்ளையடித்தல், தரை மாற்றுதல், கூரையை அதே உயரத்தில் புதுப்பித்தல் ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டா. சன்னலை நம் மனைப்பக்கமாகத் திறக்கலாம். அண்டை வீட்டாரின் மனையை நோக்கித் திறக்கலாகாது. சன்ஷேடு 75 சென்டிமீட்டர் அகலத்துக்கு மிகாமல், தெருவின்மேல் நீளாதிருக்க வேண்டும். மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் 1.5 மீட்டர் வரை உயரலாம். விதிகளுக்கு உட்பட்டு உள்ளே தடுப்புச்சுவர் எழுப்பவும் தடையில்லை. பெற்றோர்க்கு ஓர் அறை தேடுவோர் கூடத்தைத் தடுத்துக்கொள்வதே மேல் என்பது எம் கருத்து.

மாடியில் புதிய அறை எழுப்புவது வேறு. அது தளப்பரப்பைக் கூட்டுவது. அனுமதியின்றிக் கட்டி, மாநகராட்சி இடித்துவிட்டால் அறை போகும். வங்கித் தவணை போகாது. தில்லி வளர்ச்சி ஆணையத்தின் அடுக்குவீடுகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு.

மழையாலோ நெருப்பாலோ சிதைந்த பகுதியை, அங்கீகரித்த வரைபடப்படி முன்னிருந்த அளவிலேயே மீண்டும் கட்டலாம். வீடு வாங்கும்போதே அவ்வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்க.