தம்போலா: உருண்டு வந்த வார்த்தை

போன வாரம் எங்க அபார்ட்மென்ட்ல தம்போலா விளையாடினோம். நம்பர் எடுக்க நான் ஒரு சின்ன கோட் எழுதிக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரே கேள்விதான் கேட்டாங்க: "இதுல குலுக்குறது எங்கப்பா தெரியுது?"

அதுக்குப் பதில் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கு.

தம்போலாவின் பூர்வீகம் இத்தாலி. அங்கே 'டோம்போலாரே' என்றால் உருண்டு விழுவது, குட்டிக்கரணம் அடிப்பது. எண்கள் கூடைக்குள் உருளுவதால் விளையாட்டுக்கு 'டோம்போலா' என்று பெயர். நேப்பிள்ஸில் பல வீடுகளில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு 1 முதல் 90 வரை எண்களோடு இதை விளையாடுகிறார்கள். பிரிட்டனில், சுழலும் டிரம்மிலிருந்து சீட்டு எடுத்துப் பரிசு தருவதற்கும் இதே பெயர். நம்ம ஊர்ல ஹவுசிக்கு இந்தப் பேர்: டிக்கெட்டில் 3 வரிசை, 15 எண்கள்.

நம்ம வார்த்தையைப் பாருங்க: 'குலுக்கல்'. ரெண்டு சொல்லும் பரிசைச் சொல்லல, கலக்குறதைச் சொல்லுது. எல்லார் கண் முன்னாடியும் கலக்கினாத்தானே தோத்தவங்களும் ஒத்துக்குவாங்க!

என் கோட் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அது கலக்குறதை யாராலயும் பார்க்க முடியல. அடுத்த தடவை பாட்டி வீட்டுப் பித்தளைச் சொம்புதான்.