புளியந்தோப்பில் யார் எங்கே குடியிருப்பது?

பின்னி மில் சங்கு ஊதினால் வடசென்னையின் புளியந்தோப்பு விழித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பின்னியின் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 பேருக்கு வேலை கொடுத்தன. பஸ்ஸுக்குக் காசு தேவையில்லை, நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்பதால் ஆலையைச் சுற்றிக் குடிசைகள் நெருங்கின. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் இந்தத் தொழிலாளர்களைக் கொண்டே பிறந்தது. புளியந்தோப்பை உள்ளடக்கிய மாநகராட்சி மண்டலத்துக்கு இன்று திரு.வி.க. நகர் என்று பெயர்.

மூன்றே ஆண்டுகளில் அந்த ஒற்றுமை உடைந்தது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கூலித் தகராறு சாதிக் கலவரமானது. குடிசைகள் எரிந்தன. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வீடிழந்தவர்களுக்கு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது அரசு. ஆதி திராவிடர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திவிட்டால் தொல்லை தீரும் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. எம்.சி. ராஜா போன்ற ஆதி திராவிடத் தலைவர்களுக்கு ஆறாத வருத்தம் தந்த பேச்சு அது.

இத்தனைக்கும் ஆறே ஆண்டுகளுக்கு முன், 1915-இல், பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இதே சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தியிருந்தார். நெருக்கடியான பகுதியை இடித்துத் தள்ளாதீர்கள், அங்கே வாழ்கிறவர்களையும் அவர்கள் தொழிலையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள், தேவையான இடத்தில் மட்டும் கை வையுங்கள் என்பது அவர் வாதம். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அவர் சொன்ன அணுகுமுறை மட்டும் புளியந்தோப்பு வரை வந்து சேரவில்லை.

வந்து சேர அரை நூற்றாண்டு ஆனது. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியது. மறு ஆண்டு கணக்கெடுத்தபோது சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் பட்டியலில் ஏறின. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் அன்றைய கொள்கை. புளியந்தோப்பில் கேசவப் பிள்ளை பூங்கா, ஊர் வாயில் கே.பி. பார்க், அடுக்கு வீடுகளால் நிறைந்தது. வீடு சுமார் 230 சதுர அடிதான். ஆனாலும் மழைக்கு ஒழுகாத கூரையும் தீப்பிடிக்காத சுவரும் கிடைத்தன. அதைச் சிறிய விஷயமென்று நான் நினைக்கவில்லை.

பிறகு காற்று மாறியது. 1985-இல் மேலும் 17 பகுதிகளைச் சேர்த்ததோடு பட்டியல் நீண்ட காலம் அப்படியே நின்றுவிட்டது. 2000 முதல் கண்ணகி நகர், பின்னர் பெரும்பாக்கம் என்று நகரத்தின் தென்கோடிக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டன. அங்கே வீடு இருந்தது, வேலை பழைய இடத்தில் இருந்தது. 1921-இல் பேச்சாக இருந்தது இப்போது திட்டமாகவே வந்துவிட்டது.

பின்னி மில் 1996-இல் நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் நெசவு நெய்த நிலத்தில் இன்று உயரமான அடுக்ககங்களும் வணிக வளாகமும் எழுகின்றன. அங்கே ஒரு வீட்டின் விலையைப் பழைய மில் தொழிலாளியின் பேரன் ஆயுள் முழுக்க உழைத்தாலும் எட்ட முடியாது. வேலி ஒன்றுதான், அதற்கு இருபுறமும் வேறு வேறு நகரங்கள்.

கே.பி. பார்க்கும் மாறியிருக்கிறது. பழைய அடுக்குகளை இடித்து, அதே இடத்தில் 1,920 வீடுகள் கட்டினார்கள். 230 சதுர அடி 400 ஆனது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, லிப்ட். காத்திருந்த ஆண்டுகளில் பல குடும்பங்கள் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் கிடந்தன. 2021 ஆகஸ்டில் புதிய சுவரின் பூச்சு விரல் பட்டதும் உதிர்ந்ததை நாடே பார்த்தது. விவகாரம் சட்டமன்றம் வரை போய், சென்னை ஐஐடி ஆய்வு செய்து, பழுது பார்த்த பிறகே குடியேற்றம் முறைப்பட்டது. குடியிருக்கப் போகிறவர்கள் கட்டுமானம் நடக்கும்போதே கண்காணிக்கும் இடத்தில் இருந்திருந்தால் அந்தப் பூச்சு அவ்வளவு தூரம் போயிருக்காது.

இழந்ததும் உண்டு. தரைத்தளத்து வாசலில் இட்லிப் பானை வைத்தவர், மீன்பாடி வண்டியைக் கண் பார்வையில் நிறுத்தியவர், திண்ணையோரம் துணி தைத்தவர் எல்லோருக்கும் அந்த வாசல்தான் கடை. எட்டாவது மாடியில் இட்லி நன்றாகவே வேகும். வாங்க வருகிறவர்தான் இல்லை. லிப்ட் நின்றுவிட்டால் குடத்தோடு ஏறுவதும் பெண்களே. நூற்றெழுபது சதுர அடி கூடியது கணக்கில் வருகிறது, போன வாசல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மழை விஷயத்தில் வித்தியாசம் குறைவு. ஓட்டேரி நல்லாவும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த தாழ்வான நிலம் இது. முன்பு மழை வந்தால் புளியந்தோப்பு நெடுஞ்சாலை குளமாகும், கணேசபுரம் சுரங்கப்பாதை மூடப்படும். இன்று புதிய வடிகாலும் மோட்டாரும் இருக்கின்றன, சுரங்கப்பாதை மேல் பாலமும் திட்டமிடப்பட்டது. அப்படியும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் நாள்கணக்கில் வடியவில்லை.

பணத்துக்கு இப்போது குறைவில்லை. வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023-இல் அறிவித்தது 1,000 கோடி ரூபாய். 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கி, பின்னர் 6,000 கோடியைத் தாண்டியது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் குப்பைக் கிடங்கும் தாங்கிய வடசென்னைக்கு இது சலுகை அல்ல, நெடுநாள் பாக்கி. ஒரு பகுதியைத் தனியே எடுத்து அதன் பள்ளி, மருத்துவமனை, வீடு, வடிகால் எல்லாவற்றையும் சேர்த்து யோசிப்பதும் நல்ல மாற்றமே. எந்தத் தெருவுக்கு எது முதலில் வேண்டும் என்பதை அந்தத் தெரு சொல்வது மட்டும் இன்னும் பாக்கி.

அதற்கும் வழி இருக்கிறது. 2022-இல் விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று, மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைச் சொல்லும் நகர்ப்புறப் பகுதி சபைகள் தொடங்கின. சென்னையின் 200 வார்டுகளுக்கும் அது பொருந்தும். புளியந்தோப்பில் இந்தக் கூட்டம் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, மாலை ஏழு மணிக்கு, கே.பி. பார்க் வளாகத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். தேதியை ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு பிளாக்கிலும் ஒட்ட வேண்டும். இட்லிக் கடைக்கு இடமும் மீன்பாடி வண்டிக்கு நிறுத்தமும் கேட்டு முதல் தீர்மானத்தை அங்கே எழுதுங்கள்.