சரம் அடுக்கலும் சொல் அடுக்கலும்: நிரல்வழித் தேடலில் புணர்ச்சியின் இடம்

நிரல்மொழிகளில் எழுத்துக்குறிகளின் தொடர் ‘சரம்’ எனப்படும். ஒரு சரத்தைக் குறித்த எண்ணிக்கையில் அடுக்கித் தரும் வசதி பல நிரல்மொழிகளின் அடிப்படை நூலகத்திலேயே அமைந்துள்ளது. பைத்தானில் சரத்தை அடுத்துப் பெருக்கல் குறியும் எண்ணும் இட்டால் போதும். ஜாவாவில் 2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்பு முதல் ‘ரிப்பீட்’ என்னும் செயற்கூறு உள்ளது. எண் 0 எனில் இரண்டும் வெற்றுச் சரத்தைத் தரும். எண் சுழியத்துக்குக் கீழ் எனில் பைத்தான் வெற்றுச் சரத்தையும் ஜாவா பிழையையும் தரும்.

தமிழ்த் தரவகத்தில் இரட்டித்து வரும் சொற்களைத் திரட்ட இவ்வசதி எளிய வழியாகத் தோன்றும். சொற்பட்டியலின் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை அடுக்கி, அவ்வடிவத்தைத் தரவகத்தில் தேடலாம். ஆயின் இம்முறை முழுமையான விளைவைத் தருவதில்லை.

செயற்கூறு அடுக்குவது ஒருங்குறிக் குறியெண்களையே, சொற்களை அன்று. ‘சல’ 2 குறியெண்களால் ஆனது. அடுக்கினால் 4 குறியெண்கள் கொண்ட ‘சலசல’ கிடைக்கும். இவ்விரட்டைக்கிளவி வழக்கில் உள்ளவாறே அமைகிறது. ‘அவர்’ என்பதில் புள்ளியும் தனிக் குறியெண் ஆதலின் மொத்தம் 4. அடுக்கினால் 8 குறியெண்கள் கொண்ட ‘அவர்அவர்’ தோன்றும். வழக்கிலுள்ள ‘அவரவர்’ என்பதிலோ ஈற்று மெய்யின்மேல் உயிர் ஏறுதலால் புள்ளியும் அகரமும் நீங்கி 6 குறியெண்களே உள. ‘தனி’ 3 குறியெண்கள் உடையது, அடுக்கினால் 6. வல்லினம் மிக்கு வரும் ‘தனித்தனி’ 8 குறியெண்கள் உடையது. ஒன்றில் வடிவம் குறுகுகிறது, மற்றொன்றில் நீள்கிறது. இரண்டும் தேடலில் அகப்படா. ‘இடையிடையே’ என்பதும் உடம்படுமெய் பெறுதலால் தப்பிவிடும். மறுதலையாக, ‘மா’ என்பதை அடுக்கினால் வரும் ‘மாமா’ என்னும் முறைப்பெயர் இரட்டிப்பாகப் பிழைபடக் கணக்கிடப்படும்.

எனவே அடுக்கலுக்குப் பின் புணர்ச்சி விதிகளை நிலைமொழி ஈற்றிலும் வருமொழி முதலிலும் செயற்படுத்துதல் வேண்டும். வல்லினம் மிகுதல் எல்லாவிடத்தும் நிகழாமையின் மிக்க வடிவம், மிகா வடிவம் இரண்டையும் தேடல் தகும். ‘பாம்பு பாம்பு’ போன்ற அடுக்குத்தொடர்களுக்கு இடைவெளியுடன் கூடிய வடிவமும் தேவை. கிடைத்தவற்றை ஆய்வாளர் பொருள்நோக்கிச் சரிபார்த்தலும் இன்றியமையாதது.

இத்திருத்தங்கள் இன்றிப் பெறும் எண்ணிக்கை, இரட்டைக்கிளவிகளை மிகுத்தும் புணர்ந்து வரும் இரட்டிப்புகளைக் குறைத்தும் காட்டும். அக்கணக்கின்மேல் எழும் நடையியல் முடிபுகள் மொழியின் இயல்பைக் காட்டா. தேடல் கருவியின் இயல்பையே காட்டும்.