தறி வீட்டில் தீ அபாயம்

சங்க அலுவல் நிமித்தம் வேலூருக்குச் சென்றிருந்த நாம், ஒரு மாலைப்பொழுதில் லாங் பஜார் வழியே நடந்து வந்தோம். அக்கடைவீதியை அறியாத அங்கத்தினர் நம் பகுதியில் இரார். கடைகளின் முன்னே தொங்கியவற்றையும் குவித்து வைத்திருந்தவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தபோது நமக்கு ஓர் எண்ணம் உண்டாயிற்று. கற்பூரம், கொசுவர்த்திச் சுருள், தீப்பெட்டிக் கட்டு, எரிவாயு அடுப்புக்குரிய ரப்பர் குழாய், நான்கு பிளக்குகளைச் செருகத்தக்க எக்ஸ்டென்ஷன் பெட்டி, மலிவான சார்ஜர் ஆகியவை யாவும் கடையில் இருக்கும்வரை சாதுவான பொருள்களே. அவை எந்த வீட்டுக்குள் போகின்றன, அங்கே எதன் பக்கத்தில் வைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தே தீ விபத்து நேர்வதும் நேராதிருப்பதும்.

தீயைப்பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மனிதர் மட்டுமே குடியிருக்கும் வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. நம் அங்கத்தினரின் வீடு அத்தகையதன்று. குடியாத்தத்து நெசவாளர் வீட்டில் உறங்குமிடத்திற்கு நாலு முழ தூரத்தில் தறி நிற்கிறது; பரணில் சிட்ட நூலும் மூலையில் நெய்த துணியும் இருக்கின்றன. கரும்பு பயிரிடுவோர் வீட்டை ஒட்டித் தோகை வேய்ந்த கொட்டிலும் வைக்கோற் போரும் உள்ளன. ஆம்பூர்ப் பக்கத்தில், காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர் அவ்வேலையைத் தம் வீட்டிலேயே செய்கின்றனர். வீடே பட்டறையாகவும் கிடங்காகவும் இருக்குமிடத்தில், மற்றவர் வீட்டில் ஒரு துணி கருகுவதோடு முடியும் கவனப்பிசகு நம் வீட்டில் வாழ்க்கைத் தொழிலையே எரித்துவிடக்கூடும்.

முதலில் சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். இதில் குழித்தறி வைத்திருப்போர் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசிந்தால் புகையைப்போல் மேலே எழும்பிச் சாளரத்தின் வழியே போய்விடாது. தண்ணீரைப்போல் தரையோடு படர்ந்து பள்ளத்தை நாடும். நெசவாளர் வீட்டில் அந்தப் பள்ளம் எது? மிதி பலகையின்மேல் கால் வைத்து நாம் அமரும் தறிக்குழியே. அடுக்களையில் இரவு கசிந்த வாயு, விடியற்காலையில் குழிக்குள் தேங்கி நிற்கலாம். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு வாயு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. தறியில் அமருமுன் விளக்கேற்றிக் கும்பிடும் வழக்கம் நல்ல வழக்கமே. எனினும் அடுக்களைக்கும் தறிக்கும் கதவில்லாத வீடுகளில் முதலில் வாசற்கதவையும் புழைக்கடைக் கதவையும் திறந்துவிட்டு, வாசனை ஏதும் உண்டா என்று பார்த்த பின்னரே தீக்குச்சியைக் கிழிக்க வேண்டும்.

இயல்பில் இவ்வாயுவுக்கு வாசனை கிடையாது. கசிவை நாம் அறியும்பொருட்டே துர்நாற்றமுள்ள ஒரு பொருளை அதில் கலந்து அனுப்புகிறார்கள். அந்த நெடி வந்தால் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுக, கதவுகளைத் திறக்க, எல்லோரும் வெளியே வருக. மின்சுவிட்சைப் போடவும் கூடாது, எரிகின்ற விளக்கை அணைக்கவும் கூடாது. அணைக்கும்போதும் சுவிட்சினுள் ஒரு பொறி தோன்றும் என்பதைப் பலர் அறியார். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவிக்கலாம். அது எரிவாயுக் கசிவுக்கென்றே உள்ள எண். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் மாற்ற வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். உள்ளே கம்பி வலை பொதிந்த, முத்திரையுள்ள குழாயை விட்டுவிட்டு, முழக்கணக்கில் வெட்டிக் கொடுக்கும் குழாயைச் சில ரூபாய் மிச்சமென வாங்குவது சிக்கனமாகாது.

ஒட்டுப்பசையும் இவ்வகையைச் சேர்ந்ததே. தோல் ஒட்டும் பசையிலிருந்து எழும் ஆவியும் கனமானது, தரையில் தங்குவது, எளிதில் பற்றுவது. மூடிய அறையில் பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கொசுவை விரட்ட அருகிலேயே சுருளைக் கொளுத்தி வைத்திருந்ததை நாமே ஒரு வீட்டில் கண்டோம். நாம் சொன்னவுடன் அந்த அம்மையார் சுருளை அணைத்தார். "ஐயா, பத்து வருஷமாய் இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆனதில்லை" என்று அவர் கூறியதற்கு நம்மிடம் உடனடியாக விடை இல்லை.

இனி மின்சாரம். எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் செய்தித்தாளில் "மின்கசிவே காரணம்" என ஒரு வரி வந்துவிடுகிறது. இச்சொல் உண்மையை ஓரளவு மறைக்கிறது என்பது நம் கருத்து. மின்சாரம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல் ஒழுகி வீட்டை எரிப்பதில்லை. பெரும்பாலும் நடப்பது வேறு: கம்பி தாங்கும் அளவுக்குமேல் மின்னோட்டம் செல்லும்போது கம்பி சூடாகிறது, அல்லது பிளக்கிலும் திருகிலும் பிடிப்புத் தளர்ந்த இடம் சூடாகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். சாதாரணச் சிறு பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. நம் 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 1,380 வாட் தாங்கும். 2,000 வாட் மின்னடுப்பை எக்ஸ்டென்ஷன் பெட்டியின் வழியாக அந்தச் சிறு பிளக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை அங்கத்தினரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. இது, நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும். தானே விழும் எம்.சி.பி. சுவிட்சு இருக்கும் வீடுகளிலும் முழு நிம்மதி கூடாது. தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் அளவோடுதான் ஓடும். ஆகையால் அந்தச் சுவிட்சு விழாது. சூடு மட்டும் ஏறிக்கொண்டேயிருக்கும். பிளக் கையில் சுடுவதும், அதன் வெண்மை பழுப்பாவதும், கருகிய நெடி வருவதும்தான் அதற்கு அறிகுறி. விசைத்தறி வைத்திருப்போர் மோட்டாரின்மேல் படியும் பஞ்சுத் தூசைத் தினந்தோறும் துடைக்க வேண்டும். தூசு படிந்த மோட்டார் கம்பளி போர்த்திய மனிதனைப்போல் சூட்டை வெளிவிடாது. போர்த்திய மனிதன் தீப்பற்ற மாட்டான், பஞ்சு பற்றும்.

2022 மார்ச்சு மாத இறுதியில், வேலூர் சின்ன அல்லாபுரத்தில் நேர்ந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். வீட்டில் இரவு சார்ஜ் ஏற்ற வைத்திருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. ஒரு தந்தையும் பள்ளியிற் படித்துவந்த அவர் மகளும் இறந்தனர். அவர்களைக் கொன்றது புகையே. அதன் பிறகும் நம் சங்கத்து வீடுகளில் வண்டி எங்கே நிறுத்தப்படுகிறது? ரேழியில், அதாவது வீட்டுக்கு உள்ள ஒரே வழியில். லித்தியம் மின்கலம் பழுதுபட்டுச் சூடேறத் தொடங்கினால் அச்சூடு தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும். அணைத்தபின்னும் மீண்டும் பற்றும். ஆகவே வண்டியைத் திறந்த வெளியிலோ தாழ்வாரத்திலோ நிறுத்திப் பகலில், கண்ணெதிரே சார்ஜ் ஏற்றுக. வண்டியோடு வந்த சார்ஜரையே பயன்படுத்துக. வெளியில் இடமில்லாதவர்கள், வண்டி எரிந்தாலும் தாம் வெளியேற வேறு வழி உண்டா என்பதையாவது பார்த்துவைக்க வேண்டும். பாவு உருளையும் பொதியும் சார்த்தி அடைபட்ட புழைக்கடைக் கதவை வழி என்று கணக்கிலெடுக்க முடியாது.

தீயிற் சிக்கியவர்களிற் பலர் தழல் தீண்டுமுன்னரே புகையால் மடிகிறார்கள். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவனை எழுப்பாமலே ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்திவிடும். மேல்நாடுகளில் வீடுகளின் கூரையில் புகையைக் கண்டதும் ஒலிக்கும் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். மின்கலத்தால் இயங்கும் அக்கருவி இன்று நம் நாட்டிலும் கிடைக்கிறது. தறியும் படுக்கையும் ஒரே அறையில் உள்ள வீட்டுக்கு அது ஆடம்பரப் பொருளன்று. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல், தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். நல்ல காற்று கீழேதான் மிஞ்சியிருக்கும். (எரிவாயு கீழே, புகை மேலே: இவ்விரண்டையும் மாற்றி நினைத்துக்கொள்ளலாகாது.)

பஞ்சுக்கும் நூலுக்கும் உள்ள குணம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அவை வெளியில் அணைந்ததுபோல் தோன்றி உள்ளே கனன்றுகொண்டிருக்கும். 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற "போர்ட் ஸ்டிகைன்" என்ற கப்பலில் வெடிமருந்தோடு பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் புகை தென்பட்டது. ஏராளமான நீரைப் பாய்ச்சியும் பொதிகளின் உள்ளே கனன்ற தீ அடங்கவில்லை. நான்கு மணிக்குச் சற்றுப் பின்னர் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைப்புப் படையினர் மட்டும் 66 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்போர் நினைவு நாளாக அனுசரிப்பது இதனால்தான். நம் வீட்டில் வெடிமருந்து இல்லை. ஆனால் பொதி உண்டு. நூற்பொதியில் பொறி விழுந்தால், மேலே ஒரு குடம் நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், சிறிய தீயாயிருக்கும்போதே வெளியே இழுத்துப்போட்டுப் பிரித்து, உள்மடிப்புவரை நனைக்க வேண்டும்.

வைக்கோற் போரும் இதைப் போன்றதே. ஈரம் காயாத வைக்கோலை அவசரமாகப் போர் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடேறும்; யாரும் தீ வைக்காமலே அது எரியவும் கூடும். நீண்ட இரும்புக் கம்பியைப் போருக்குள் செருகிச் சிறிது நேரங்கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது எளிய சோதனை. கை பொறுக்காத சூடிருந்தால் அருகில் தண்ணீரை ஆயத்தமாக வைத்துக்கொண்டே போரைப் பிரிக்க வேண்டும். காற்றுப் பட்டவுடன் பற்றுவதுண்டு. போரை வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பது எவ்வகையிலும் தகாது.

கீற்றுக் கூரையைப்பற்றி நாம் நீண்டு எழுத வேண்டியதில்லை. 2004 ஜனவரி 23-இல் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்திலும், அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளையும் பறிகொடுத்த நாடு இது. கும்பகோணத்தில் சமையலறை நெருப்பு கூரைக்குத் தாவியது. அடுப்புக்கு மேலே கீற்றோ தோகையோ இருக்கும் இடத்தில் ஒரு தகரத்தை மறைப்பாக அடித்துவைப்பது ஒரு நாள் வேலை.

எண்ணெய்ச் சட்டி பற்றினால் நீரை ஊற்றாதீர்கள். அடுப்பை நிறுத்தித் தட்டால் மூடுங்கள். உடையில் பற்றினால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். வெந்த இடத்தில் மையும் பற்பசையும் மாவும் பூசாமல், இருபது நிமிடம் தண்ணீரை ஓடவிட வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101. 112 என்ற எண்ணும் உதவும்.

கடைசியாக, நம் இலாகாவைச் சேர்ந்த விஷயம் ஒன்று. லண்டன் மாநகரம் 1666-இல் ஒரு ரொட்டிச் சூளையின் நெருப்பால் பெரிதும் அழிந்தது. அதன் பின்னர் அங்கே தோன்றிய தீ இன்ஷூரன்ஸ் அமைப்புகளுள் 1696-இல் ஏற்பட்ட ஒன்று, வீட்டுக்காரர்களே அங்கத்தினராகச் சேர்ந்து ஒருவர் நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் முறையில் அமைந்தது. கைகோத்த இரு கரங்களே அதன் சின்னம். கூட்டுறவு என்ற சொல் வழக்குக்கு வருமுன்னரே நடந்த கூட்டுறவு அது.

சங்கத்தின் கிடங்கில் உள்ள சரக்கு இன்ஷூரன்ஸ் செய்யப்பட்டிருக்கிறதா என்று தணிக்கையில் நாம் தவறாமல் கேட்கிறோம். அங்கத்தினர் வீட்டில் தறியில் ஏறியுள்ள பாவும், கணக்கில் அவர் பெயரில் நிற்கும் நூலும் அதில் அடங்குமா என்பதை அங்கத்தினர்தாம் கேட்க வேண்டும். தறி எரிந்துபோனபின் பற்றுப் புத்தகத்தில் நூற்பாக்கி மட்டும் எஞ்சி நிற்பதை நாம் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறோம். அந்தப் பக்கத்தில் கையெழுத்திட நமக்கு மனம் வரவில்லை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்பி, காரியதரிசி தரும் விடையை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். பாலிசிப் பத்திரத்தில் சரக்கு இருக்கும் இடம் எனக் கிடங்கின் முகவரி மட்டும் எழுதப்பட்டிருந்தால், அதைப் புதுப்பிக்கும் தேதிக்கு முன்னரே திருத்தக் கோர வேண்டும்.