ஒரு அலுமினியத் தகடும் ரெண்டு வருஷ சேமிப்பும்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன் என்ன பார்க்கணும்?



போன மாசம் ஒரு மெயில் வந்தது. எழுதியவர் நம்ம சேனலை ரொம்ப நாளாகப் பார்க்கிறவர். ஐ.டி. வேலை, மூணு வருஷமாக இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறார். அவர் கேட்டது இதுதான்:

"அண்ணா, 1974 மாடல் எம்ஜிபி ஜிடி வி8 ஒண்ணு விற்பனைக்கு வந்திருக்கு. ஒரிஜினல் ஃபேக்டரி வி8, சேஸிஸ் பிளேட்கூட அப்படியே இருக்குன்னு ஓனர் சொல்றார். என் ரெண்டு வருஷ சேமிப்பு மொத்தமும் போகும். ஆனா கிளாசிக் கார் விலை ஏறும், லாபத்துக்கு வரியும் இல்லைன்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

வரி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். பிரிட்டனில் தனிநபர் கார்களை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அதே விதியின் மறுபக்கத்தையும் தெரிஞ்சுக்கணும்: நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தோடு கழித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் "வாங்கலாமா?" என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கு. இந்த கார் உண்மையிலேயே எந்த கார்?

அதைக் கண்டுபிடிப்பது எப்படின்னு இன்னைக்கு பார்க்கலாம்.

தகடு என்பது என்ன?

நீங்க லோன் போட்டு பைக் வாங்கினப்போ பார்த்திருப்பீங்க. சேஸிஸ் நம்பர் மேல ஒரு பேப்பரை வெச்சு பென்சிலால் தேய்ச்சு எடுப்பாங்க. நம்பர் இரும்பிலேயே அடிக்கப்பட்டிருப்பதால்தான் அது முடியுது.

இப்போ எல்லா கார்களுக்கும் உலகம் முழுக்க ஒரே மாதிரி 17 இலக்க நம்பர். இந்த முறை பரவலானது 1980-களின் தொடக்கத்தில்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி, ஜாகுவார் எல்லாமே ஒரு சின்ன உலோகத் தகட்டில் நம்பரை அடித்து, பானெட்டுக்கு அடியில் ரிவெட் வைத்துப் பொருத்தின.

சிக்கல் இங்கேதான். ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்தால் தகடு கையோடு வந்துடும். துருப்பிடித்த காரைச் சீரமைப்பவர்களுக்காக, புதுசா எதுவும் அடிக்காத வெற்றுத் தகடுகள் கடையில் வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. நம்பர் அடிக்கும் பஞ்ச் செட்டும் கிடைக்கும். ஆக, காரிலேயே மலிவான, சுலபமாக மாற்றக்கூடிய பாகம் இந்தத் தகடு. ஆனால் காரின் விலையில் பெரும்பகுதி தொங்கிக்கொண்டிருப்பது அதில்தான்.

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், தகடு என்பது வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பலகையைப் பார்த்து யாரும் வீடு வாங்க மாட்டோம். தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான்.

படி 1: நம்பரைப் படிங்க

1962 முதல் 1980 வரை எம்ஜிபி கார்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயின. ஆரம்பகால திறந்த காரின் நம்பர் ஜிஎச்என்3 என்று தொடங்கும். ஜி என்றால் எம்ஜி. எச் என்றால் இன்ஜின் 1400 முதல் 1999 சிசி வரையிலான வகுப்பு. என் என்றால் இரண்டு சீட். கூரை உள்ள ஜிடி மாடலுக்கு என் இருக்கும் இடத்தில் டி வரும். பின்னால் வந்த மாடல்களில் கடைசி எண் 4, 5 என்று மாறும்.

1973-ல் இதே ஜிடி உடம்பில் 3528 சிசி ரோவர் வி8 இன்ஜினைப் போட்டு கம்பெனியே ஒரு மாடல் விட்டது. 1976-ல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் தயாரானது 2,591 கார்கள். அந்த இன்ஜின் சாதாரண எம்ஜிபி-யிலும் உட்காரும் என்பதால், பிற்காலத்தில் பலர் தங்கள் 1798 சிசி காரை வீட்டிலோ கராஜிலோ வி8 ஆக மாற்றிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

நம்பரைப் பார்த்தால் சுலபம். ஃபேக்டரி வி8-ன் நம்பர் ஜிடி2டி1 என்று தொடங்கும். அதில் எச் இல்லை. இருக்கவும் முடியாது, ஏன்னா 3528 சிசி இன்ஜின் 1400-1999 வகுப்பில் வராது.

இன்னொரு உதாரணம் டிரையம்ஃப். அவர்கள் இந்த நம்பரை கமிஷன் நம்பர் என்பார்கள். 1967, 68-ல் வந்த டிஆர்5 காரில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இருந்தது. 2,947 மட்டுமே தயாரானது. அதே உடம்பில் கார்புரேட்டர் வைத்து வட அமெரிக்காவுக்கு அனுப்பியது டிஆர்250, எட்டாயிரத்துக்கும் மேல். அரிதான டிஆர்5-க்கு மதிப்பு அதிகம். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த டிஆர்250-ல் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி, இன்ஜெக்‌ஷனையும் பொருத்தினால் பார்க்க டிஆர்5 மாதிரியே இருக்கும். ஆனால் டிஆர்5 நம்பர் சிபி என்று தொடங்கும், டிஆர்250 நம்பர் சிடி என்று தொடங்கும். கவனம்: அடுத்து வந்த டிஆர்6 இன்ஜெக்‌ஷன் காரும் சிபி-தான், ஆனால் அதன் வரிசை 25001-லிருந்து தொடங்கும். எழுத்தை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடக் கூடாது, எண்ணையும் பார்க்கணும்.

படி 2: தகட்டையும் இரும்பையும் ஒப்பிடுங்க

நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்தத் தகடு அந்தக் காரோடு பிறந்ததான்னு பார்க்கணும்.

ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கலாம். 1961-ல் வந்த இந்த காரில் நாலு நம்பர்கள் உண்டு: சேஸிஸ், இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி. சேஸிஸ் நம்பர் தகட்டில் மட்டும் இல்லாமல், முன்பக்கச் சட்டத்தில் வலதுபுற டேம்பர் பொருத்தும் இடத்துக்கு மேலேயும் அடிக்கப்பட்டிருக்கும். இன்ஜின் நம்பர் பிளாக்கின் வலப்பக்கம் ஆயில் ஃபில்டருக்கு மேல் இருக்கும், சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கமும் இருக்கும். இவை எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே பொருந்தினால், அதைத்தான் "மேட்சிங் நம்பர்ஸ்" என்று விளம்பரத்தில் போடுவார்கள்.

இ-டைப்பின் முன்சட்டம் போல்ட் போட்டு மாட்டியது. விபத்தில் அடிபட்டால் கழற்றிப் புதுசு மாட்டலாம். அப்போ பழைய நம்பரும் கூடவே போயிடும். புதுச் சட்டத்தில் மறுபடி அடித்த நம்பர் இருந்தால் அது மோசடின்னு அர்த்தம் இல்லை. ஆனா ஏன், எப்போ மாற்றினாங்கன்னு சொல்ல பில் இருக்கணும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை:

- ரிவெட்: மற்ற எல்லாம் ஐம்பது வருஷப் பழசாக இருக்கும்போது ரிவெட் மட்டும் பளபளன்னு இருக்கா?
- ஓட்டைகள்: தகட்டைச் சுற்றி உபயோகம் இல்லாத பழைய ஓட்டைகள், வெல்டிங் தடம், தேய்த்த அடையாளம் இருக்கா?
- எழுத்து: அதே வருஷ, அதே மாடல் கார்களின் படங்களோடு ஒப்பிடும்போது எழுத்தின் வடிவம், அளவு, ஆழம் ஒத்துப்போகுதா?
- பெயின்ட்: தகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிறமும், டிரிம்முக்கு அடியில் ஒளிந்திருக்கும் நிறமும் ஒண்ணா?

எம்ஜிபி-யில் இன்னொரு விஷயம் உண்டு. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபி-க்குப் புதிய பாடிஷெல்லே தயாரித்து விற்கிறது. துருப்பிடித்த காரை அதில் மாற்றிக் கட்டுவது சகஜம்தான். ஆனால் "ஒரிஜினல் பாடி" என்று சொல்லி விற்றால் அது வேறு கதை.

படி 3: தொழிற்சாலைப் பதிவேட்டைக் கேளுங்க

சில நேரம் தகடு உண்மையானதாகவே இருக்கும், ஆனால் நமக்கு வேண்டிய பதில் அதில் இருக்காது. ஆஸ்டின்-ஹீலி 100எம் இதுக்கு நல்ல உதாரணம். வார்விக்கில் ஹீலி நிறுவனம் 640 கார்களைக் கூடுதல் சக்தியோடு 100எம் ஆக மாற்றியது. ஆனால் அந்தக் கார்களின் நம்பர் சாதாரண பிஎன்2 மாடலின் நம்பர் மாதிரியேதான் இருக்கும். 'எம்' என்று தனி அடையாளம் கிடையாது. கூடவே, சக்தி கூட்டும் லெ மான்ஸ் கிட்டை யார் வேணும்னாலும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. ஆகவே பானெட்டைப் பார்த்தும் தெரியாது, தகட்டைப் பார்த்தும் தெரியாது.

விடை இருப்பது பதிவேட்டில். எம்ஜி, டிரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி உற்பத்திப் பதிவேடுகளை வைத்து கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஹெரிடேஜ் சர்டிஃபிகேட் கொடுக்கிறது. ஜாகுவாருக்கு அதன் ஹெரிடேஜ் டிரஸ்ட் கொடுக்கிறது. கார் தயாரான தேதி, இன்ஜின் நம்பர், முதலில் அடித்த நிறம், எந்த நாட்டுக்குப் போனது போன்ற விவரங்கள் அதில் வரும். கட்டணம், கார் விலையோடு ஒப்பிட்டால் ஒண்ணுமே இல்லை.

ஆனா ஒண்ணு. அந்த சர்டிஃபிகேட் சொல்வது "இந்த நம்பரில் இப்படி ஒரு கார் வெளியே போனது" என்பதை மட்டும்தான். உங்க முன்னால் நிற்பது அதே கார்தான்னு அது சொல்லாது. சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாலும் படி 2-ஐ விடக் கூடாது.

படி 4: காகிதச் சங்கிலி

நம்ம ஆர்.சி. புக் மாதிரி பிரிட்டனில் வி5சி என்ற ஆவணம் இருக்கு. அதில் இருப்பது பதிவு பெற்ற பராமரிப்பாளரின் பெயர். அது சட்டப்படியான உரிமைக்கு ஆதாரம் இல்லைன்னு அந்த ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கும். ஒரு காரின் வயதோ அடையாளமோ சந்தேகமாக இருந்தால், டிவிஎல்ஏ அதுக்கு 'கியூ' என்று தொடங்கும் நம்பர் கொடுத்துவிடலாம். கிளாசிக் காருக்கு அது பெரிய விலைச் சரிவு.

காகிதம் எவ்வளவு முக்கியம்னு காட்டிய வழக்கு 1990-ல் லண்டனில் நடந்தது. 1929, 1930 இரண்டு வருஷமும் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அந்தப் பழைய கார் இல்லைன்னு பின்வாங்கியது. பந்தயத்துக்காகப் பல முறை மாற்றிக் கட்டியதால் பழைய பாகங்கள் பெரும்பாலும் அதில் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் தீர்ப்பு விற்றவர் பக்கம் வந்தது. காரின் வரலாறு எங்கேயும் அறுபடவில்லை, இடையில் வேறெந்தக் காரும் அந்த அடையாளத்தோடு இல்லை என்பதுதான் காரணம்.

பழைய பில்கள், பழைய புகைப்படங்கள், முந்தைய ஓனர்களின் கடிதங்கள், வருடாந்திர எம்ஓடி சோதனைச் சீட்டுகள் எல்லாவற்றையும் வருஷ வாரியாக அடுக்கிப் பாருங்க. பத்து வருஷம் காணாமல் போயிருந்தால், அந்தப் பத்து வருஷத்தில் என்ன நடந்ததுன்னு கேளுங்க.

இப்போ பணக் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு. அசல் மாடல் 25,000 பவுண்டு, மாற்றிக் கட்டிய அதே மாதிரி கார் 14,000 பவுண்டுன்னு வெச்சுக்கோங்க. இரண்டாவதை முதலாவது என்று நம்பி வாங்கினால், கையெழுத்துப் போட்ட நிமிஷமே 11,000 பவுண்டு போச்சு. வருஷத்துக்கு 5 சதவீதம் விலை ஏறினாலும், போட்ட பணத்தைப் பார்க்கவே சுமார் 12 வருஷம் ஆகும். இன்ஷூரன்ஸ், கராஜ் வாடகை, ரிப்பேர் எல்லாம் இதில் சேர்க்கவே இல்லை. கார் டிவிடெண்ட் தராது என்பதையும் மறந்துடாதீங்க.

அவர் கார் என்ன ஆச்சு?

அவருக்கு நான் எழுதியது ஒரே வரி: "அட்வான்ஸ் கொடுக்காதீங்க, முதலில் தகட்டின் போட்டோ கேளுங்க."

நாலு நாள் கழித்து போட்டோ வந்தது. தகடு உண்மையானதுதான், பழைய ரிவெட், அழுக்கு எல்லாம் அப்படியே. நம்பர் ஜிஎச்டி5 என்று தொடங்கியது. நடுவில் எச். அதாவது 1798 சிசி காராகப் பிறந்து, பின்னால் வி8 ஆனது. தகட்டில் பொய் இல்லை, விளம்பரத்தில்தான் பொய். அந்த ஓனரே அதை நம்பித்தான் வாங்கினாரோ என்னவோ, அவர் அதுக்கு மேல் பதில் எழுதவில்லை.

நம்ம நண்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாற்றிக் கட்டிய கார் மோசமான கார் இல்லைன்னு அவரிடம் சொன்னேன். ஓட்டி மகிழ ஆசையா, அதற்கான விலையில் தாராளமா வாங்குங்க. முதலீடுன்னு சொல்லி ரெண்டு வருஷ சேமிப்பையும் ஒரே காரில் போடுறதுதான் வேண்டாம். அசல் காராகவே இருந்திருந்தாலும் என் பதில் இதுதான். அவசரகால நிதியும் வழக்கமான எஸ்ஐபி-யும் ஓடிக்கொண்டிருக்கணும், அதுக்கு மேல் மிஞ்சுவதில்தான் இந்த ஆசை எல்லாம்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது வாங்கும் யோசனை இருந்தால் கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.