காரசாரமான சாப்பாட்டுக்கு ஸ்ட்ராங் பீர் சரியான ஜோடியா? லேபிளில் பார்க்க வேண்டியது என்ன?

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகிறீர்கள். தமிழ்க் குடும்பம் என்றால் மிளகு தூக்கலான பீஃப் வறுவலோ மட்டன் பிரியாணியோ இருக்கும். ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் என்றால் தேங்காய்ப்பால் சாதமும் கைமா உருண்டைக் குழம்பும். பக்கத்து ஃப்ரேசர் டவுனில் வாங்கிய கபாபும் கூடச் சேரலாம். பீர் வாங்கப் போனவர் பெரும்பாலும் 650 மில்லி ஸ்ட்ராங் பாட்டிலோடுதான் திரும்பி வருவார். கேட்டால், 'கொடுத்த காசுக்குக் கிக்கு வேணாமா?' என்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கர்நாடக அரசு பீர் மீதான கூடுதல் கலால் வரியை 2023-ல் 175-லிருந்து 185 சதவீதமாகவும், 2025 ஜனவரியில் 195 சதவீதமாகவும் உயர்த்தியது. விலை ஏற ஏற, எதில் போதை அதிகம் என்றுதான் மனசு கணக்குப் போடும். ஆனால் சாப்பாட்டுக்கு ஜோடி தேடும்போது இந்தக் கணக்கு உதவாது.

காரம் என்பது உண்மையில் சுவையே இல்லை, அது ஒரு வலி. மிளகாயில் உள்ள கேப்சைசினும் மிளகில் உள்ள பிப்பரினும் 'டிஆர்பிவி1' என்ற ஒரே ஏற்பியைத் தூண்டுகின்றன. சூடான பொருள் பட்டால் 'சுடுது' என்று மூளைக்குச் சொல்வதும் இதே ஏற்பிதான். வழக்கமாக அது சுமார் 42 டிகிரி செல்சியஸில் விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் இந்த வரம்பு சுமார் 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது என்று 2002-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. நம் உடம்புச் சூடே 37 டிகிரி! ஜில்லென்ற முதல் வாய் இதமாக இருந்தாலும், அந்தக் குளிர்ச்சி போனதும் எரிச்சல் கூடுவது இதனால்தான். எரியுதே என்று இன்னொரு மடக்கு குடிப்போம்.

'கேப்சைசின் ஆல்கஹாலில் கரையுமே, காரத்தைக் கழுவிடாதா?' என்று கேட்கலாம். கரையும்தான். ஆனால் ஸ்ட்ராங் பீரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்த வேலைக்கு இது போதாது. தயிர்ப் பச்சடி நன்றாகவே செய்யும்.

எனவே பிராண்ட் பெயருக்கு முன்னால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதம் வரை சாதாரண பீர், 5-க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். 8 சதவீதம் என்றால் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். 5 சதவீதத்தில் சுமார் 26 கிராம். 330 மில்லி மைல்டு பாட்டிலில் 13. வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். மைல்டோ ஸ்ட்ராங்கோ, 650 மில்லியைக் காலி பண்ணிட்டு வண்டியை எடுத்தால் பெரும்பாலானோர் இந்த வரம்பைத் தாண்டியிருப்பார்கள். பாதுகாப்பான குடி அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்தது கசப்பு. பீருக்குக் கசப்பைத் தருவது ஹாப்ஸ் என்ற பூ. இது தூக்கலாக இருக்கும் ஐபிஏ வகை காரத்தோடு சேர்ந்தால் நாக்கில் இரட்டை அடி. பிரியாணிக்கு என் ஓட்டு ஜெர்மன் பாணி கோதுமை பீருக்குத்தான். அதன் ஈஸ்டே கிராம்பு, வாழைப்பழ வாசனையை உண்டாக்குகிறது. கிராம்பு பிரியாணிக்கு அந்நியமா என்ன? மீன் வறுவலுக்கு பெல்ஜிய விட்பியர். ஹோகார்டன் இந்த வகைதான். அதைக் காய்ச்சும்போதே கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள், நம்ம அஞ்சறைப் பெட்டிக்குச் சொந்தக்கார பீர்.

கொழுப்புள்ள போர்க் வறுவலுக்கும் பஜ்ஜிக்கும் சாதாரண மைல்டு லாகரே போதும். வாயில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுபிசுப்பை அதன் நுரையும் லேசான கசப்பும் எடுத்துவிடும். கரியில் சுட்ட கபாபுக்கு ஸ்டவுட். வறுத்த பார்லியில் வரும் காபி வாசனை கபாபின் கருகலோடு ஒட்டிக்கொள்ளும். இதிலும் 5 சதவீதத்தைத் தாண்டாததைத் தேடுங்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து இந்திராநகர் பக்கம்தான். அங்குள்ள மைக்ரோபுரூவரிகளில், முழு கிளாஸ் சொல்வதற்கு முன் ருசி பார்க்கக் கொஞ்சம் தரச் சொல்லுங்கள். வெறும் வாயில் ருசி பார்க்காமல், சாப்பாடு மேசைக்கு வந்ததும், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பாருங்கள்.